வயிற்றில் போடும் எனாக்ஸபாரின் 40 ஊசி: வாங்குவதிலிருந்து அப்புறப்படுத்துவது வரை

மாசமாக இருப்பவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு ஊசி என்று டாக்டர் எழுதினால், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்க மெடிக்கல்களில் பெரும்பாலும் கைக்கு வருவது எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு. சனோஃபியின் கிளெக்சேன் இதில் மூத்த பிராண்டு. லோனோபின், லுபெனாக்ஸ் என்று உள்நாட்டுப் பெட்டிகளும் உண்டு. எட்டாவது வாரத்தில் ஆரம்பித்து, பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும் நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 266 ஊசி ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாலு நாள் போட்டுவிட்டுப் போகும்போது கண்ணில் படாத சின்னக் குறைகூட, 266 தடவை நம் கையாலேயே போடும்போது பெரிதாகத் தெரியும். அதனால் இங்கே மருந்தின் வீரியத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. முனை, மேலுறை, பிஸ்டன், வெயில், கடை, இவைதான் விஷயம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து: நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க வாயில் போடும் வார்ஃபரின் மாத்திரைக்குப் பதிலாக இதைக் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம். கையாளும் பொருள் என்று பார்த்தால், முனையைத் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு உறை உள்ள சிரிஞ்சுக்கு நாலரை, உறை இல்லாததற்கு மூன்றரை. குப்பியில் வரும் மருந்துக்கு ஒன்றரைதான். காரணம் பின்னால் வருகிறது.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். ஒரு பெட்டியில் 40 மி.கி., இன்னொன்றில் 4000 ஐ.யு. (யூனிட்), டாக்டர் சீட்டில் 0.4 மி.லி. மூன்றும் ஒன்றுதான். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் என்பது இந்த சிரிஞ்சுகளின் கணக்கு. 20 என்றால் 0.2 மி.லி., 60 என்றால் 0.6 மி.லி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 60, நமக்கு ஏன் 40 என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் எடைதான். ரத்தம் உறையாமல் தடுக்க மட்டும் போடும் தடுப்பு அளவில் 50 முதல் 90 கிலோ வரை 40, அதற்கு மேல் 130 கிலோ வரை 60, 50 கிலோவுக்குக் கீழே 20 என்பது பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டல். ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து கட்டியானவர்களுக்குக் கணக்கே வேறு, அது சிகிச்சை டோஸ், சிலருக்கு நாளுக்கு இரண்டு வேளை வரும். டோஸ் விஷயத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதிலேயே போட வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: 20, 40 சிரிஞ்சுகளில் அளவுக்கோடு இருக்காது, முழுவதையும் போடத்தான் செய்திருக்கிறார்கள். 60, 80, 100 சிரிஞ்சுகளில் கோடு உண்டு. டாக்டர் 50 என்று எழுதியிருந்தால் 60 சிரிஞ்சை வாங்கி, முனையைக் கீழே பார்த்துப் பிடித்து, அதிகப்படியை வெளியே தள்ளிவிட்டுத்தான் போட வேண்டும். கோடில்லாத 40 சிரிஞ்சில் கண்மதிப்பாக முக்கால்வாசி போடுவது வேலைக்கு ஆகாது.

இனி உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சினிமாவில் டாக்டர் ஊசியைத் தூக்கிப் பிடித்து இரண்டு சொட்டு பீய்ச்சுவதைப் பார்த்துப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்யப் போகும். செய்யக்கூடாது. முழு சிரிஞ்சும் போடும்போது அந்தக் குமிழியை அப்படியே விட வேண்டும். முனையைக் கீழே வைத்துப் போட்டால் குமிழி மேலே, பிஸ்டனை ஒட்டிப் போய் நிற்கும். மருந்தெல்லாம் இறங்கினபிறகு கடைசியாக அது வந்து ஊசிக்குழலில் தங்கிய துளியையும் உள்ளே தள்ளிவிடும். குமிழியை வெளியேற்றினால் இரண்டு நஷ்டம்: கொஞ்சம் மருந்து வீண், கடைசித் துளி வெளியே வரும் வழியில் தோலுக்கடியில் கசிந்து ரத்தக்கட்டு. தோலுக்கடியில் போகும் இத்தனூண்டு காற்றால் ஆபத்து எதுவும் இல்லை.

முனையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மிக மெல்லியது, சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், சிரிஞ்சோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது. மேலே இருக்கும் மூடியைத் திருகக்கூடாது, நேராக இழுக்க வேண்டும். திருகினால் முனை ஒரு பக்கம் லேசாக வளைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, தோலில் இறங்கும்போது தெரியும். மூடியை எடுத்ததும் முனையில் ஒரு துளி தொங்கினால், முனை கீழே பார்க்க சிரிஞ்சை விரலால் மெல்லத் தட்டி அதை உதிர்த்துவிடுங்கள். அந்தத் துளி தோலில் பட்டால்தான் சுரீரென்று எரியும். பஞ்சால் துடைக்கக்கூடாது, முனையின் வழுவழுப்பு போய்விடும். மூடியை எடுத்த சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வயிற்றைத் துடைக்கப் போவதும் இதே ரகத் தப்புதான். துடைத்து முடித்துவிட்டு, கடைசியாக மூடியை எடுங்கள்.

போடும் முறை பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இந்தப் பொருளுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்தது அதற்காகவே. தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் சாய்ந்தோ நாற்காலியில் பின்னால் சாய்ந்தோ உட்காருங்கள். நின்றுகொண்டு போட்டால் வயிறு இறுகும். தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம் தள்ளி, வலப்புறமோ இடப்புறமோ இடம் பாருங்கள். இன்று இடப்புறம் என்றால் நாளை வலப்புறம். தழும்பு, நரம்பு தெரியும் இடம், ஏற்கெனவே நீலம் பாரித்த இடம் வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சு வைத்தால் காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய்த்தான் எரிகிறது, பழி மருந்தின்மேல் விழுகிறது. இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கொண்டு தோலையும் கொழுப்பையும் சேர்த்து ஒரு மடிப்பாகப் பிடியுங்கள். நகம் பதியக் கிள்ள வேண்டாம், சப்பாத்தி மாவை எடுப்பதுபோல் போதும். முனையைச் செங்குத்தாக, முழுசாக இறக்குங்கள். பாதி இறக்கிச் சாய்வாகப் போட்டால் மருந்து தோலுக்குள்ளேயே தேங்கித் தடிக்கும். பிஸ்டனை மெல்ல அழுத்துங்கள், மனசுக்குள் முப்பது எண்ணும் அளவுக்கு. மருந்து முடியும்வரை மடிப்பை விடக்கூடாது. முனையை நேராக எடுத்தபிறகே விடுங்கள்.

அப்புறம் தேய்க்கக்கூடாது. மருந்து என்றால் தேய்த்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். அம்மாயி வந்து விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் நிற்கும். ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா அழுத்திப் பிடியுங்கள், அவ்வளவுதான். போடுவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸைக் கொஞ்ச நேரம் வைத்தால் வலி மரக்கும். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு நீலப் புள்ளி விழுவது சாதாரணம். வயிறெங்கும் அப்படி இருந்தாலும் வெசனப்பட வேண்டாம். ஆனால் போட்ட இடம் நாளுக்கு நாள் பெரிதாகிக் கெட்டியாவது, தோல் கறுத்துப் புண்ணாவது, பல் ஈறில் ரத்தம், மலம் தார்போல் கறுப்பாவது, தீட்டுப்போல் ரத்தம் படுவது என்றால் அடுத்த செக்கப்வரை காத்திருக்கக்கூடாது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108.

எல்லோரும் கேட்பது ஒன்று: “ஊசி கொழந்தை மேல பட்றாதுங்களா?” படாது. முனையின் நீளம் 12 மில்லிமீட்டர். பிடித்த மடிப்பின் கொழுப்பிலேயே அது நின்றுவிடும். அதற்குக் கீழே தசை, அதற்கும் கீழேதான் கர்ப்பப்பை. ஏழு, எட்டாம் மாசத்தில் வயிற்றுத் தோல் இறுகி மடிப்பு கிடைக்காது. அப்போது இடுப்புக்குப் பக்கமாக, விலா ஓரச் சதையில் இடம் பாருங்கள், அல்லது தொடையின் வெளிப்பக்கம் நடுப்பகுதியில் போடுங்கள். வேலை ஒன்றுதான், தொடையில் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் என்பார்கள்.

பாதுகாப்பு உறைக்கு வருவோம். சில சிரிஞ்சுகளில் பிஸ்டனை அடிவரை அழுத்தி, முனையை வெளியே எடுத்தபின், இன்னொரு தடவை அழுத்தமாகத் தள்ளினால் “டக்” என்று ஒரு பிளாஸ்டிக் உறை இறங்கி முனையை மூடிக்கொள்ளும். மருந்து கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அது இறங்காது. அதனால் உறை இறங்கியதே முழு டோஸ் போனதற்கு அத்தாட்சி. பலர் முனை தோலுக்குள் இருக்கும்போதே அந்த இரண்டாவது அழுத்தத்தைக் கொடுத்து, வலிக்கிறது என்கிறார்கள். வெளியே எடுத்து, யார் பக்கமும் பார்க்காமல் திருப்பிப் பிடித்துவிட்டு அழுத்துங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் உறை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஒரே பிராண்டிலும் உறை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருக்கலாம், பெட்டியைத் திறந்து ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

குப்பிக்கு ஏன் ஒன்றரை? 300 மி.கி., 3 மி.லி. குப்பி, பல டோஸுக்கானது, ஊசிக்கு ஊசி கணக்குப் பார்த்தால் மலிவாக வரலாம். ஆனால் கெடாமல் இருக்க அதில் பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு முடிந்தவரை அது கலக்காத மருந்தே நல்லது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. இரண்டாவது ஆபத்து சிரிஞ்சில். வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் அவர்களுடைய இன்சுலின் சிரிஞ்சை எடுத்து உறிஞ்சத் தோன்றும். 100 யூனிட் சிரிஞ்சில் 40 கோடு என்பது 0.4 மி.லி., சரியாக இருக்கும். நம் ஊரில் பரவலாக இருக்கும் 40 யூனிட் சிரிஞ்சில் அதே 40 கோடு ஒரு முழு மில்லி. உள்ளே போவது 100 மில்லிகிராம், இரண்டரை மடங்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் போடுபவர்களுக்குக் குப்பி வேண்டாம் என்பேன்.

ஃபைசரின் ஃபிராக்மின், அதாவது டால்ட்டெபாரின், இதற்கு மாற்று, இரண்டும் ஹெப்பாரின் வகைதான். 5000 யூனிட் 0.2 மில்லியிலேயே முடிந்துவிடும், உள்ளே போகும் அளவு பாதி என்பது அதன் வசதி. ஆனால் சின்ன ஊர்களில் கேட்டவுடன் கிடைக்கும் சரக்கு இல்லை. எனாக்ஸபாரின் 4000 யூனிட்டும் டால்ட்டெபாரின் 5000 யூனிட்டும் யூனிட்டுக்கு யூனிட் சமமும் இல்லை. கடைக்காரர் “இதுவும் ஹெப்பாரின்தானுங்க” என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள், டாக்டரிடம் கேட்டபிறகுதான். எனாக்ஸபாரினுக்குள்ளேயே கம்பெனி மாறுவது வேறு விஷயம், டாக்டருக்குத் தெரிந்தால் போதும்.

சுத்த சைவக் குடும்பங்களிலும், இஸ்லாமியக் குடும்பங்களிலும் ஒரு கேள்வி வரும். ஆம், இந்த மருந்து பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. செயற்கையாகத் தயாராகும் ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர்கள் யோசிப்பது அது. மனசுக்குள் வைத்துக்கொண்டு ஊசியைத் தவறவிடுவதைவிட முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வெயில்தான் கொங்கு நாட்டில் இந்தப் பெட்டிக்கு எதிரி. பெட்டியில் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, உறையவும் கூடாது என்று போட்டிருக்கும். சித்திரையில் கரூரிலும் ஈரோட்டிலும் தகரக்கூரை வீட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெட்டியில் ஃபிரிட்ஜ் கூடாது என்று எழுதியிருந்தால், வெயில் படாத அறையில் கீழ்த்தட்டு அலமாரியில் வையுங்கள். அப்படி எழுதவில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஃபிரிட்ஜின் கதவுத்தட்டில் வைக்கலாம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஒருதரம் உறைந்தது குப்பைக்கு. ஜில்லென்று எடுத்தவுடன் போட்டால் எரியும், அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். கோபியிலிருந்து கோவைக்கு செக்கப் போகும் நாளில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். கைப்பையில் துணி சுற்றி வைத்தால் போதும். மருந்து தண்ணீர்போல் நிறமற்றோ லேசான மஞ்சளாகவோ இருக்கலாம். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடை விஷயம். கோவை அவினாசி சாலைப் பெரிய ஆஸ்பத்திரி மருந்தகங்களில் சரக்கு எப்போதும் இருக்கும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கடைகளில் நீங்கள் ஒருவர்தான் இதை வாங்குபவராக இருப்பீர்கள்; தீர்ந்தால் வர இரண்டு நாள் ஆகலாம். கையில் பத்து ஊசி மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லி வையுங்கள். எனாக்ஸபாரின் 40ம் 60ம் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, உச்ச விலைக்கு மேல் விற்க முடியாது. ஆனால் அந்த உச்சத்துக்குக் கீழே கடைக்குக் கடை நல்ல வித்தியாசம் உண்டு, மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி கேட்கலாம். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பதிவு செய்தவர்கள் அங்கே கிடைக்குமா என்று கேட்காமல் வெளியே வாங்க வேண்டாம். மொத்தமாக எடுக்கும்போது காலாவதித் தேதியைப் பெட்டி பெட்டியாகப் பாருங்கள், மேல் பெட்டியை மட்டும் காட்டுவார்கள். ஒரு மாசத்துக்கு மேல் சேர்த்து வாங்கவும் வேண்டாம், எடை கூடினாலோ ரத்தப் பரிசோதனையில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தாலோ மருந்தே மாறலாம்.

போட்ட ஊசியைத் தெருக்குப்பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும். கிராமத்தில் என்றால் குப்பைமேட்டில் மேயும் ஆட்டின் வாயில். ஆஸ்பத்திரிகளில் கூர்மையான கழிவுக்கு வெள்ளைநிற, துளைக்க முடியாத டப்பா. வீட்டில் அதற்கு பினாயிலோ துணி துவைக்கும் திரவமோ வந்த கெட்டி பிளாஸ்டிக் கேன் போதும், மேலே எழுதி ஒட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டில் உதவாது, முனை வெளியே வந்துவிடும். மூடியை முனையில் திரும்பப் பொருத்த முயலாதீர்கள், குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, செக்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுங்கள். பல இடங்களில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

நேரம் மாறாமல் போடுவது முக்கியம், சாயங்காலமோ காலையோ டாக்டர் சொன்னபடி. மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த ஊசி நேரம் நெருங்கியிருந்தால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. தலைவலி, இடுப்புவலிக்கு ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகளைத் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போதும். டாக்டரே எழுதிய ஆஸ்பிரின் 75 மட்டும் தொடரும்.

கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது பட்டுப்புடவைக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியது மருந்துச் சீட்டும், டோஸ் எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதமும். பிரசவம் நடக்கப்போகும் ஆஸ்பத்திரியிலும் இதைச் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் முதுகில் போடும் மயக்க ஊசிக்கு முன் தடுப்பு டோஸ் போட்டு 12 மணி நேரமும், சிகிச்சை டோஸ் என்றால் 24 மணி நேரமும் கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்க மருந்து டாக்டர் முதுகில் போட மறுத்துவிடுவார், முழு மயக்கம்தான். வலி எடுத்ததாகத் தோன்றினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பதைக் காலண்டர் தாளிலேயே தினமும் குறித்து வைத்தால் நடுராத்திரியில் யாரும் யோசிக்க வேண்டியிருக்காது.

பிரசவத்துக்குப் பிறகு, முதுகில் போட்ட குழாயை எடுத்து 4 மணி நேரமாவது கழித்துத்தான் ஊசி மறுபடி ஆரம்பிக்கும். சிசேரியன் என்றால் தையலுக்கு எட்டத்தில், அல்லது தொடையில். ஆறு வாரம் முடிந்து மிச்சமாகும் பிரிக்காத பெட்டிகளைச் சில கடைகள் பில்லோடு கொண்டுபோனால் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்கும்போதே அதைக் கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.